ஒரே வீரனுக்கு இரு வீட்டு ஒப்பாரி

என் வயதுக்காரர் பலருக்கு இப்போது முழங்கால் நோ. ஈஸ்ட் ஹாம் ரயில் ஸ்ரேசன் படியில் கைபிடியைப் பிடித்தபடி ஒருவருக்கொருவர் தலையாட்டிக்கொள்கிறோம், போய்விடுகிறோம். நாலு பேர் கூடிய இடத்தில் எனக்கு வாய் வராது என்பது என்னோடு வளர்ந்த உங்களுக்குத் தெரியும். அதனால் இதை எழுதித் தருகிறேன்.

நாங்கள் எல்லோரும் பத்து வயதிலேயே மொழிபெயர்ப்பாளர்கள். டொக்டரிடம் அம்மாவின் வயிற்று நோவைச் சொன்னோம். நகரசபையான கவுன்சிலின் ஆளிடம் குளியலறைச் சுவரில் பூத்த பூஞ்சணத்தைச் சொன்னோம். பள்ளிக்கூடத்தில் எங்களைப் பற்றி ரீச்சர் சொன்ன குறைகளையும் நாங்களேதான் அம்மாமாருக்குச் சொன்னோம். நான் அப்படிச் சொன்னவற்றில் முக்கால்வாசி மறந்துவிட்டது. ஒரு மத்தியானச் சாப்பாட்டின்போது சொன்னது மட்டும் சொல்லுக்குச் சொல் நினைவில் நிற்கிறது.

அப்போது நாங்கள் ஹை ஸ்ட்ரீட் நோர்த்திலிருந்து உள்ளே இறங்கும் தெரு ஒன்றில், பெரியப்பாவின் வீட்டில் இருந்தோம். மாடியில் அப்பா, அம்மா, நான். கீழே முன்னறையில் பெரியப்பா. கீழே பின்னறையில் ஒருவர் வாடகைக்கு இருந்தார். நான் அவரைப் பின்னறை மாமா என்றேன். பெரியப்பா வேலைசெய்த லோண்டரியில் அவரும் ஹோட்டல் படுக்கை விரிப்புகளைத் தோய்த்துக்கொண்டிருந்தார். கொசோவோவிலிருந்து வந்த அல்பேனியர் என்று பெரியப்பா சொன்னார். பள்ளிக்கூட அட்லஸில் தேடிப் பார்த்தேன். யூகோஸ்லாவியாவுக்குள் சின்ன எழுத்தில் இருந்தது.

அவருடைய மனைவியும் மூன்று வயது மகளும் இன்னும் அங்கேதான் இருந்தார்கள். அவர்களை இங்கே கூப்பிட வழி ஏறக்குறையச் சரியாகிவிட்டது. ஆனால் வந்தால் இருக்க ஓர் அறை இருக்கிறது என்று விசா அலுவலகத்துக்குக் காட்டவேண்டும். அந்தப் பின்னறைதான் அவர் காட்டிய அறை. யன்னல் ஓரத்தில் ஒரு சோடி சிவப்புச் சப்பாத்து வாங்கி வைத்திருந்தார். மகளுக்குக் கால் வளர்ந்திருக்கும் என்று கணக்குப்பார்த்துப் பெரிய அளவாக வாங்கியது. நான் போகும்போதெல்லாம் அதை எடுத்துத் தூசி தட்டி வைப்பார்.

வசந்தகாலத்தில் அவர் தோட்டத்தில் குந்தியிருந்து ஒரு வாத்தியம் செய்யத் தொடங்கினார். சந்தையில் வாங்கிய மரக் கிண்ணம்தான் வயிறு. உடைந்த கதிரையின் கால்தான் கழுத்து. அதன் நுனியில் கறிக்கத்தியால் ஓர் ஆட்டுத் தலையைச் செதுக்கினார். கொம்பு சுருண்டு, கண் ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் இருந்த அந்த ஆட்டை நான் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். கிண்ணத்துக்குமேல் கட்ட அவருக்குத் தோல் கிடைக்கவில்லை. அடுத்த தெருவில் மிருதங்கம் பழகிய பையன் ஒருவன் தன் மிருதங்கத்துக்குத் தோல் மாற்றியிருந்தான். அம்மா போய் அந்தப் பழைய தோலைக் கேட்டு வாங்கிவந்து கொடுத்தார். குதிரை மயிரை முறுக்கி ஒரேயொரு நரம்பு. அதன்மேல் இழுக்க வளைந்த ஒரு சின்ன வில். அவ்வளவுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வாசித்ததும் வீடு முழுவதும் வேறு மாதிரி ஆகிவிட்டது. ஒற்றை நரம்பு ஏறாமல் இறங்காமல் ஒரே இடத்தில் நின்று அனுங்கியது. அதன்மேல் அவருடைய குரல் மூக்கிலிருந்து புறப்பட்டு, நீட்டி, உடைந்து, திடீரென்று கீழே விழுந்து, மூச்சை இழுத்துக்கொண்டு திரும்பவும் எழுந்தது. கண்ணை மூடிக்கொண்டு பாடினார். முகம் சிவந்து கழுத்து நரம்பு புடைத்தது. வேலையால் வந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்த அம்மா கோப்பையை வைத்துவிட்டு எழுந்தார்.

அம்மாவுக்கு அது என்ன என்று ஒரு கணமும் ஐமிச்சம் இல்லை. எங்களூர்ச் செத்தவீட்டில் பெண்கள் வைக்கும் ஒப்பாரி அது. இங்கே ஓர் ஆம்பிளை தனியாக வைக்கிறார். ஊரில் யாரோ போய்விட்டார்கள், பாவம், போகவும் வழியில்லை. நான் கீழே ஓடிப் போய்க் கேட்டுவரவா என்றேன். அம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினார். செத்தவீட்டில் என்ன நடந்தது என்று நாங்களாகக் கேட்பதில்லை; அவர்களாகச் சொல்லும்வரை பொறுக்கவேண்டும். செத்தவீட்டில் அடுப்பும் மூட்டுவதில்லை. அயலட்டைச் சனம்தான் சமைத்துக் கொடுக்கவேண்டும். அன்று சோறும் பருப்பும் பூசணிக்காய்க் கறியும், மீன் இறைச்சி எதுவுமில்லாமல், அடுக்குச் சட்டியில் கீழே போயின.

பின்னறை மாமா எழுந்து நின்று, நெஞ்சில் கைவைத்து வாங்கிக்கொண்டார். பல காலத்துக்குப் பிறகுதான் எனக்குச் சொன்னார்: அவர்களுடைய ஊரில் பாட்டுக்காரர் பாடி முடிந்தால் வீட்டுக்காரர் சாப்பாடு கொடுப்பார்களாம். தன் பாட்டு அம்மாவுக்குப் பிடித்துவிட்டது என்றே அவர் நினைத்தார். அதனால் அடுத்த ஞாயிறும் பாடினார். அம்மாவோ, துக்கம் இன்னும் ஆறவில்லை என்று இன்னொரு கறி கூட்டிச் சமைத்தார். அவர் சந்தோஷத்தில் இன்னும் நீட்டிப் பாடினார். இப்படி எத்தனையோ ஞாயிறுகள் போயின.

இதற்குள் பக்கத்து வீட்டிலும் தொடங்கிவிட்டது.

பக்கத்து வீட்டில் ஒரு வயோதிப அம்மா தனியாக இருந்தார். நான் அவரை அன்ரி என்றேன். அதே யூகோஸ்லாவியாவிலிருந்து வந்த சேர்பியர். இரண்டாம் உலக யுத்தம் முடிந்த காலத்தில் கணவனோடு இங்கே வந்தவர். கணவர் நாங்கள் வருவதற்கு முன்பே காலமாகிவிட்டார். ஒரு மகன் எங்கேயோ தூரத்தில் இருந்தான். எப்போதும் கறுப்புச் சட்டை. அவருடைய தோட்டத்தில் உள்ளங்கை அளவுக்குச் சிவப்புப் பூக்கள் பூக்கும். பியோனி என்று பெயர். பின்னறை மாமா பாடி ஓய்ந்ததும், அன்ரி உடுப்புக் காயப்போட்டபடி சுவரின் அந்தப் பக்கத்திலிருந்து தொடங்குவார். வாத்தியம் இல்லை. ஒரே அளவான வரிகள், ஒன்றின் பின் ஒன்றாக, கல் அடுக்குகிற மாதிரி. சில இடத்தில் குரல் தழுதழுக்கும். சில இடத்தில் கையிலிருந்த ஈரத் துவாயால் கொடியை ஓங்கி அடிப்பார்.

அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. செத்தவீட்டில் அப்படித்தான், ஒருத்தி விட்ட இடத்தில் மற்றவள் எடுப்பாள், ஒவ்வொருத்தியும் தன் தன் துக்கத்தைச் சொல்லி அழுவாள். பின்னறைத் தம்பியின் அழுகையைக் கேட்டு அந்த மனுசிக்கும் தன் கணவனின் நினைவு வந்துவிட்டது என்றார். அன்றிலிருந்து சுவருக்கு மேலாலும் ஓர் அடுக்குச் சட்டி போனது.

இப்போது நினைத்தால் சிரிப்பும் வருகிறது, உடம்பும் சிலிர்க்கிறது. அவர்கள் இருவரும் அழவில்லை. சுவருக்கு இரண்டு பக்கமும் நின்று, ஞாயிறு ஞாயிறாக, சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஆனி மாத நடுவில் ஒரு நாள் அன்ரி பெரியப்பாவின் கதவைத் தட்டினார். அந்த ஆள் பாடுவதை நிறுத்தவேண்டும், இல்லையென்றால் கவுன்சிலுக்குச் சொல்லுவேன் என்றார். நான்தான் அதைப் பெரியப்பாவுக்குத் தமிழில் சொன்னேன். கவுன்சில் என்ற சொல்லுக்கு மட்டும் மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. பெரியப்பா கெட்டவர் இல்லை. ஆனால் வீட்டு லோனுக்குப் பயந்தவர், வெள்ளைக்காரர் எல்லாருக்கும் பயந்தவர். அன்ரியும் எங்களைப்போல வந்தேறியவர்தான் என்பதை அவர் யோசிக்கவில்லை. அன்று பின்னேரமே பின்னறை மாமாவிடம் மாத முடிவுக்குள் வேறு இடம் பார்க்கச் சொல்லிவிட்டார்.

மாமா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வேறு அறை தேடலாம். ஆனால் காட்டிய அறையே இல்லை என்று ஆகிவிட்டால் எல்லாம் முதலிலிருந்து தொடங்கவேண்டும், மனைவியும் மகளும் இன்னும் எவ்வளவு காலம் அங்கே இருப்பார்களோ என்று அப்பா மெதுவாகச் சொன்னார். அம்மா பெரியப்பாவிடம் போனார்.

“அத்தான், துக்கம் நடந்த ஆக்களை வெளியில விடுறது பாவம்.”

“நீர் சும்மா இரும். இது ஊரில்லை.”

அம்மா சும்மா இருக்கவில்லை. நல்லதுக்குப் போகாவிட்டாலும் கெட்டதுக்குப் போகவேண்டும் என்பது அவருடைய வேதம். பத்து வருடம் முகம் பாராத பகையாளியும் செத்தவீட்டுப் படலையைத் திறந்துகொண்டு வந்தால், வா என்று இடம் விடுவார்கள். துக்கக்காரர் இருவரையும் ஒன்றாக இருத்திவிட்டால் பகை தானாகத் தீரும் என்று அம்மா முடிவுகட்டினார். நாளும் தானாக வந்தது. அன்ரி முன்னறையில் விளக்கேற்றி, கோதுமையை அவித்துச் சீனியும் வோல்நட்டும் கலந்து ஒரு தட்டில் குவித்து வைத்திருப்பதை அம்மா யன்னலால் கண்டார். எள்ளுக்குப் பதில் கோதுமை, அவ்வளவுதான் வித்தியாசம். புருஷன் செத்த நாளின் ஆட்டைத் திவசம் என்றார். என்னைக் கையில் பிடித்துக்கொண்டு போய், இன்றைக்கு நீங்கள் சமைக்கக்கூடாது, எங்கள் வீட்டில்தான் சாப்பிடவேண்டும் என்று சொல்லச் சொன்னார். அன்ரி என்னையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார். இத்தனை கிழமையாகத் தன் சாப்பாட்டைச் சுவருக்கு மேலால் நீட்டியவள் கேட்கும்போது எப்படி இல்லையென்பது. வந்தார். அவித்த கோதுமையையும் கையோடு கொண்டு வந்தார்.

குசினி மேசையில் பின்னறை மாமா ஏற்கெனவே இருந்தார். அன்ரியைக் கண்டதும் எழுந்துவிட்டார். அன்ரி கதவடியிலேயே நின்றார். அம்மா கதிரையை இழுத்துப்போட்டு, அன்ரியைத் தோளில் தொட்டு இருத்திவிட்டார். வாழைக்காய் வெள்ளைக் கறி, கத்தரிக்காய், பருப்பு, அப்பளம். யன்னல் கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது. பரிமாறி முடிந்ததும் அம்மா என் பக்கம் திரும்பினார். எங்கள் வீட்டில் சோறு தின்ன இருந்துவிட்டார்கள், இனிக் கேட்கலாம் என்று அவருக்குப் பட்டிருக்கவேண்டும்.

“ஆர் செத்தது எண்டு கேள், பிள்ளை.”

நான் இங்கிலிஷில் கேட்டேன். அன்ரி கரண்டியை வைத்துவிட்டு நிமிர்ந்து இருந்தார். தங்களுடைய இளவரசர் என்றார். அவருடைய படை முழுவதும் என்றார். கொசோவோ என்ற சமவெளியில் துருக்கியரோடு நடந்த சண்டையில், இதே நாளில். அந்த இளவரசர் மண்ணின் அரசை விட்டு வானத்தின் அரசைத் தேர்ந்துகொண்டார் என்றார்.

“அவையின்ர அரசனாம் அம்மா. சண்டையிலயாம்.”

“ஐயோ. எப்பவாம்?”

கேட்டேன். பதிலைக் கேட்டு, சரியாகத்தான் விளங்கியதா என்று இன்னொருமுறையும் கேட்டேன்.

“அறுநூறு வருசத்துக்கு முந்தியாம்.”

அம்மாவின் கையில் அகப்பை அப்படியே நின்றது. நான் அவருடைய முகத்தைப் பார்க்கப் பயந்தேன். எத்தனை கறி, எத்தனை ஞாயிறு. அம்மா சிரிக்கவில்லை. அகப்பையைச் சட்டிக்குள் விட்டுவிட்டு, தம்பிக்கு ஆர் செத்தது என்று கேட்கச் சொன்னார்.

பின்னறை மாமா அன்ரியைப் பார்த்தபடியே சொன்னார். அந்தச் சண்டையில் சுல்தானின் கூடாரத்துக்குள் போய் அவனைக் குத்திக் கொன்ற வீரன். அவனைத்தான் பாடுகிறேன். அவன் அல்பேனியன், எங்கள் பக்கத்து ஊர்க்காரன்.

அன்ரி எழுந்துவிட்டார். கதிரை பின்னால் சுவரில் முட்டியது. அந்த வீரன் சேர்பியன், இளவரசருக்காகச் செத்தவன், திருடாதே என்றார். திருடியது நீங்கள் என்றார் மாமா. பிறகு இரண்டு பேரும் எனக்கு விளங்காத பாஷைக்குப் போய்விட்டார்கள். அன்ரியின் பாஷை மாமாவுக்குத் தெரியும். மாமாவின் பாஷை அன்ரிக்குத் தெரியாது. ஆனால் பாட்டில் வரும் பெயர்கள் இரண்டு பாஷையிலும் ஏறக்குறைய ஒன்றுதான். அந்தப் பெயர்களைத்தான் அன்ரி அத்தனை கிழமையும் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து பிடித்திருக்கிறார்.

என்னவாம் என்று அம்மா கேட்டார். செத்த வீரன் ஆருடைய ஆள் என்று சண்டை என்றேன்.

“ஒருத்தனுக்குத்தானே ரெண்டு பேரும் அழுகினம்,” என்றார் அம்மா. “ஒரே பிணத்துக்கு அழுகிற ஆக்கள் ஒரே பாயிலதான் இருக்கவேணும். அவவை இருக்கச் சொல்லு. சோறு ஆறுது.”

அதை நான் சொன்னேன். மற்ற எதையும் அவ்வளவு சரியாக நான் மொழிபெயர்த்ததாக நினைவில்லை. அன்ரி அம்மாவைப் பார்த்தார். பிறகு மெதுவாக இருந்தார்.

சாப்பாட்டுக்குப் பிறகு அவரே மாமாவைப் பாடச் சொன்னார். பிழை பிடிக்கத்தான். மாமா வாத்தியத்தை எடுத்துவந்து மடியில் வைத்துக்கொண்டு, கொஞ்சம் பாடுவார், நிறுத்தி இங்கிலிஷில் எனக்குச் சொல்லுவார், நான் அம்மாவுக்குச் சொல்லுவேன். அவருடைய பாட்டில் சுல்தானைக் கொன்ற வீரனின் தலையைத் துருக்கியர் வெட்டிவிடுகிறார்கள். அவன் விழவில்லை. தன் தலையைத் தானே எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீட்டை நோக்கி நடக்கிறான். ஒரு நீரூற்றடியில் பெண்கள் அவனைக் கண்டு கத்துகிறார்கள். அப்போதுதான் தான் செத்தவன் என்பது நினைவுக்கு வந்து விழுகிறான். பொய் என்றார் அன்ரி. வீரன் கூடாரத்தடியிலேயே செத்தான், தன் இளவரசருக்குப் பக்கத்தில் செத்தான், வீட்டுக்குப் போக அவனுக்கு என்ன அவசரம் என்றார். பிறகு தன் வரிகளைச் சொன்னார். மேசையில் விரல் தட்டி, ஒரு சொல் தடுமாறாமல். அவர் சொல்லும்போது மாமா வில்லைக் கீழே வைத்திருந்தார். தலை தானாக ஆடியது.

ஓரிடத்தில் மட்டும் இருவரும் ஒன்றுபட்டார்கள். கவசம் போட்ட அந்த வீரனையும் அவன் குதிரையையும் எப்படி வீழ்த்துவதென்று துருக்கியருக்கு ஒரு கிழவி சொல்லிக்கொடுத்தாளாம். அவள் இரண்டு பாட்டிலும் இருந்தாள். அந்தக் கிழவியை இரண்டு பேரும் சேர்ந்து திட்டினார்கள். ஆம்பிளையள் சண்டைபிடிச்சுத் தோத்தாலும் பழி ஒரு கிழவிக்குத்தான் என்றார் அம்மா. இதை மொழிபெயர்க்கவேண்டாம் என்றும் சொன்னார்.

பெரியப்பா சத்தம் கேட்டு வந்தார். அன்ரியைக் கண்டதும் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார். அறுநூறு வருடத்துக்கு முந்திய அரசனைப் பற்றிய சண்டை என்று நான் சொன்னதும் அவருடைய முகம் மாறியது. எங்களுக்கு ரெண்டாயிரம் வருசக் கதை இருக்கு எண்டு சொல்லு என்று கதிரையை இழுத்துப்போட்டு இருந்துவிட்டார்.

அனுராதபுரத்தில் இருந்து ஆண்ட எங்கள் கிழட்டுத் தமிழ் அரசனையும், அவனை வென்ற சிங்கள இளவரசனையும் சொன்னார். இருவரும் யானைமேல் தனித்து நின்று பொருதியதைக் கையால் காட்டினார். வென்றவன் செத்தவனுக்குச் சமாதி கட்டினான்; அந்த வழியாகப் போகிறவர்கள் மேளத்தை நிறுத்தி மரியாதை செய்யவேண்டும் என்று கட்டளை போட்டான். பெரியப்பா இவ்வளவு பேசி நான் கண்டதில்லை. அன்ரியும் மாமாவும் அசையாமல் கேட்டார்கள். அந்தச் சமாதி இப்போதும் இருக்கிறதா என்று அன்ரி கேட்டார்.

“இருக்கு,” என்றார் பெரியப்பா. “உள்ள கிடக்கிறது எங்கட அரசனோ, வென்றவனோ எண்டு இப்ப அதுக்கும் சண்டை.”

நான் சொல்லி முடித்ததும் அன்ரி சிரித்தார். அவர் சிரித்து நான் கண்டது அதுதான் முதல்முறை. மேல்வாயில் ஒரு தங்கப்பல் இருந்தது. மாமாவும் சிரித்தார். பெரியப்பா முதலில் கோபப்படுவதா என்று யோசித்துவிட்டு, பிறகு அவரும் சிரித்தார்.

சிரிப்பு ஓய்ந்த நேரம் அம்மா என் முதுகில் இடித்தார். பெரியப்பா மாமாவை அறையை விட்டு எழும்பச் சொல்லிவிட்டார் என்பதை அன்ரிக்குச் சொல் என்றார். அன்ரிக்கு அது தெரியாது. பாட்டை நிறுத்துவதுதான் அவருக்கு வேண்டியிருந்தது. மனைவியும் மகளும் வர இருப்பதையும் சொன்னேன். அவர் கோதுமைத் தட்டை ஓரமாகத் தள்ளினார். பிறகு என்னிடம், ஒவ்வொரு சொல்லாக, நான் பிழைவிடாமல் எடுத்துச் சொல்லவேண்டும் என்பதுபோலச் சொன்னார்.

“உன் பெரியப்பாவிடம் சொல். இந்த மனிதன் பாடுவது பொய். ஆனால் முழுவதும் பாடுகிறான். என் மகனுக்கு ஒரு வரி தெரியாது. இவன் போய்விட்டால் நான் யாரோடு சண்டைபிடிப்பது?”

பெரியப்பா அப்பளத் துண்டு ஒன்றை உடைத்தார்.

“அப்ப கவுன்சிலுக்குச் சொல்லமாட்டாவாமோ?”

“இல்லையாம்.”

“அந்தக் கட்டில் மூண்டு பேருக்குக் காணாது,” என்றார் பெரியப்பா அம்மாவிடம். “லோண்டரிக்குப் பின்னால ஒண்டு கிடக்கு. கேட்டுப் பாக்கிறன்.”

மாமாவுக்கு நான் சொல்லத் தேவைப்படவில்லை. தமிழ் விளங்காமலே விளங்கிவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு வாத்தியத்தைச் சுவரில் சாத்தி வைத்தார்.

சில வருடங்களில் அவர்களுடைய நாட்டில் நடந்த யுத்தத்தை நீங்களும் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். அப்போது மாமா குடும்பம் இல்ஃபோர்ட் பக்கம் போய்விட்டது. அன்ரியையும் மகன் கூட்டிக்கொண்டு போய்விட்டான். அந்த நாட்களில் அவர்கள் ஒருவரையொருவர் நினைத்தார்களா, நினைத்திருந்தால் எப்படி நினைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. பேசிக்கொண்டார்கள் என்று எழுத ஆசைதான், தெரியாததை எழுதக்கூடாது. அந்த வாத்தியம் எங்கே போனதென்றும் தெரியாது. இரண்டு பேரும் புத்தகம் பார்க்காமல், யாரும் கேட்காத ஊரில், அவ்வளவு நீளப் பாட்டுகளை மனத்தில் வைத்திருந்தார்கள். எனக்கு ஒரு தேவாரம் முழுதாக வராது. அந்த இரண்டு பேரையும், அவர்களை ஒரே மேசையில் இருத்திய அம்மாவையும் நினைக்கும்போது, நான் வாழ்க்கையில் கண்ட பெரிய மனிதர்கள் அவர்கள்தான் என்று தோன்றுகிறது. அம்மாவுடைய கணிப்பு முழுக்கப் பிழை. ஆனால் அந்தப் பிழையை விட்டால் அன்றைக்கு வேறு வழி இருக்கவில்லை.

மாமாவின் மனைவியும் மகளும் அந்த வருட இலையுதிர்காலத்தில் ஒரு மழைப் பின்னேரம் வந்தார்கள். மினிகாப் வாசலில் நின்றது. மாமா மகளைத் தோளில் போட்டபடி இறங்கினார். பிள்ளை நல்ல நித்திரை. மனைவி பையைக் கையில் பிடித்துக்கொண்டு மழைக்குள் நின்றார். அன்ரி தன் படலையடிக்கு வந்தார். மனைவியிடம் தன் பாஷையில் ஏதோ சொன்னார். மனைவி திடுக்கிட்டு மாமாவைப் பார்த்தார், பிறகு மெல்லப் பதில் சொன்னார். அடுத்த கணமே அன்ரி மாமாவின் பக்கம் திரும்பி எதையோ கேட்டார். அந்த வீரனின் பெயர் மட்டும் எனக்குப் பிடிபட்டது. மாமாவின் பாட்டில் இத்தனை நாள் யோசித்துக் கண்டுபிடித்த ஏதோ ஒரு புதுப் பிழை.

மாமா அந்த இடத்திலேயே பதில் சொல்லத் தொடங்கினார். ஆனால் இரண்டு கையும் இல்லாமல் அவருக்குப் பேச்சு வராது. ஒரு கையை வீசினார், பிள்ளை சரிந்தது, நிறுத்தினார். திரும்பவும் தொடங்கினார், திரும்பவும் நிறுத்தினார். அன்ரி பொறுமையிழந்து படலையைத் திறந்துகொண்டு வந்தார். பிள்ளையை அவருடைய தோளிலிருந்து வாங்கித் தன் தோளில் போட்டு, கறுப்புச் சால்வையை அதன் தலைக்குமேல் இழுத்துவிட்டார்.

“இனிச் சொல்லு,” என்றார்.